ஆரோக்கியவரம் உணர்த்தும் பாடம்

பம்பாயிலிருந்தும் பூனாவிலிருந்தும் சென்னைக்கு இரயிலில் வரும் தமிழ் மக்களுக்கு ரேணிகுண்டா நிலையம் வந்ததும் ஊரை நெருங்கிவிட்டோம் என்ற உணர்ச்சி உண்டாகும். சாளரத்தின் வழியே திருமலைத் தொடர் தெரியும். பெரியவர்கள் இருந்த இடத்திலேயே கைகூப்புவார்கள். பழந்தமிழ் நூல்கள் தமிழ் நிலத்தின் வடவெல்லையாகச் சொன்ன வேங்கடம் அதுவே. 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமையும் வரையில் திருப்பதியும் சித்தூரும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தே இருந்தன. 1960இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தோடு நின்றன. எல்லைக்கோடு இடம் மாறினாலும் அவ்வட்டாரத்துக் கடைத்தெருக்களில் இன்றும் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன.

திருப்பதியிலிருந்து சித்தூர் வழியாகக் காட்பாடிக்குச் செல்லும் இருப்புப் பாதையில் பாகாலா என்ற சந்திப்பு இருக்கிறது. அங்கிருந்து தருமாவரத்தை நோக்கி ஒரு கிளைப்பாதை பிரிகின்றது. அப்பாதையில் சென்று, மதனப்பள்ளி ரோடு என்னும் நிலையத்தில் ஒரு காலத்தில் நோயாளிகள் பலர் இறங்கினார்கள். இருமலால் தளர்ந்தவர்கள், மெலிந்தவர்கள், கைக்குட்டையில் இரத்தக்கறை கண்டு நடுங்கியவர்கள். அவர்கள் நாடிச் சென்ற இடத்தின் பெயர் ஆரோக்கியவரம். அந்த இடத்தின் வரலாற்றையும், அதனோடு சேர்த்து மருந்துக்கு அடங்காத கிருமிகளின் வரலாற்றையும் இக்கட்டுரையில் காண்போம். இரண்டும் வேறு வேறு கதைகள் போலத் தோன்றும். உண்மையில் முதற்கதை தெரிந்தவர்க்கே இரண்டாவது கதை நன்கு விளங்கும்.

மதனப்பள்ளி கடல்மட்டத்திற்கு மேல் ஈராயிரம் அடிக்கு மேற்பட்ட மேட்டுநிலத்தில் அமைந்த ஊர். சமவெளியின் புழுக்கம் அங்கு இல்லை. காற்று உலர்ந்தது, தூயது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்க்காட்டு மிஷனைச் சேர்ந்த டாக்டர் லூயிசா ஹார்ட் அம்மையார் அவ்வூரில் மருத்துவப் பணி செய்துவந்தார். காசநோயாளிகளுக்கென்று தனியிடம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. கிறித்தவ மிஷன்கள் பல ஒன்றுசேர்ந்து பொருள் உதவி அளித்தன. 1915ஆம் ஆண்டில் ஆரோக்கியவரத்தில் யூனியன் மிஷன் காசநோய்ச் சானடோரியம் திறக்கப்பெற்றது. டென்மார்க்கு நாட்டு மருத்துவரான டாக்டர் கிறிஸ்டியன் பிரிமோட்-மோலர் அதன் தலைமை மருத்துவராகப் பல்லாண்டுகள் உழைத்தார். அவருக்குப் பின்னர் டாக்டர் பி. வி. பெஞ்சமின் அப்பொறுப்பை ஏற்றார். பிற்காலத்தில் அவரே மத்திய அரசாங்கத்தின் காசநோய் ஆலோசகராகவும் விளங்கினார்.

அக்காலத்தில் காசநோய்க்கு மருந்து என்று சொல்லத்தக்க மருந்து எதுவுமே இல்லை என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். நோயைத் தோற்றுவிக்கும் கிருமியை 1882இல் ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் காக் கண்டுபிடித்துவிட்டார். பகைவன் யார் என்பது தெரிந்தது. அவனை அடிக்கும் கோல்தான் கையில் இல்லை. ஆகவே ஓய்வு, திறந்த வெளிக் காற்று, நல்லுணவு ஆகிய இம்மூன்றே சிகிச்சை. நோயாளி மாதக்கணக்கில் கட்டிலிற் கிடக்க வேண்டும். நுரையீரலுக்கு ஓய்வு கொடுப்பதற்காக மார்புக்கூட்டினுள் காற்றைச் செலுத்தி அதை அமுக்கி வைப்பதும் உண்டு. அதற்கும் பயன்படாதபோது விலா எலும்புகளை அறுத்தெடுக்கும் கடுமையான சிகிச்சையும் உண்டு. பிழைத்தவர்கள் பலர், பிழையாதவர்களும் பலர். எவ்வாறாயினும் நோயாளி வீட்டிலிருந்து பிரிந்து வந்ததனால், வீட்டிலிருந்த குழந்தைகளுக்கு அந்நோய் தொற்றுவது குறைந்தது.

தமிழ் எழுத்துலகம் இந்நோய்க்குக் கொடுத்த பலி சிறிதன்று. சிறுகதை மன்னர் புதுமைப்பித்தன் திரைப்பட வேலையாகப் பூனாவிற்குச் சென்றிருந்தபோது காசநோய் முற்றியது. 1948இல் திருவனந்தபுரத்தில் அவர் காலமானார். வயது 42. பிழைப்பை நாடிப் பிற மாநிலம் சென்ற தமிழர் ஒருவருடைய முடிவு இது. அதே 1948ஆம் ஆண்டில் காசநோயைத் தாக்கும் முதல் மருந்தின் சோதனை முடிவுகள் இங்கிலாந்தில் வெளிவந்தன என்பதை எண்ணும்போது நெஞ்சம் வருந்துகிறது.

அம்மருந்துதான் ஸ்ட்ரெப்டோமைசின். 1943இல் அமெரிக்காவில், பேராசிரியர் வாக்ஸ்மனுடைய ஆராய்ச்சிச் சாலையில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளைஞர் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் அம்மருந்து மிகச் சிறிதளவே கிடைத்தது. எல்லார்க்கும் கொடுக்க இயலாத நிலையில், அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நேர்மையான ஒரு வழியைக் கண்டது. நோயாளிகளைத் திருவுளச்சீட்டு முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள். 55 பேர் மருந்து பெற்றார்கள். 52 பேர் படுக்கை ஓய்வு மட்டுமே பெற்றார்கள். ஆறு மாதம் கழிந்தபோது, மருந்து பெற்றவர்களில் 4 பேரும், பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தனர். உலகமே மகிழ்ந்தது. காசநோய் தோற்றுவிட்டது என்று கருதினார்கள்.

ஆனால் அக்கதை அங்கே முடியவில்லை. அதே நோயாளிகளை ஐந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். ஐந்தாம் ஆண்டின் முடிவில், மருந்து பெற்ற 55 பேரில் 32 பேர் இறந்துவிட்டனர். பெறாத 52 பேரில் 35 பேர் இறந்திருந்தனர். இடைவெளி ஏறக்குறைய மறைந்துபோயிற்று! காரணம் என்ன? மருந்து பெற்றவர்களிற் பெரும்பாலோருடைய சளியில், சில மாதங்களுக்குள்ளாகவே, ஸ்ட்ரெப்டோமைசினுக்குச் சற்றும் அஞ்சாத கிருமிகள் தோன்றிவிட்டன. முதலில் மருந்து கிருமியை வென்றது. பின்னர் கிருமி மருந்தை வென்றது.

இது எவ்வாறு நிகழ்கிறது? மருந்து கிருமிக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. கிருமிகள் பெருகும்போதே, மருந்தைக் காணாத நிலையிலும், மிகச் சிலவற்றில் தற்செயலாக ஒரு மாறுதல் உண்டாகிறது. ஒரு மருந்துக்கு அடங்காத கிருமி பத்து இலட்சத்தில் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நோய் அரித்த நுரையீரற் குழியொன்றில் பத்துக் கோடிக் கிருமிகள் வாழக்கூடும். அப்படியானால் அவற்றுள் நூறு கிருமிகள் தொடக்கத்திலேயே அம்மருந்துக்கு அடங்காதவை. மருந்து மற்றவற்றையெல்லாம் கொன்று, அந்த நூறுக்கும் இடத்தை ஒழித்துக் கொடுக்கிறது. பயிரை அறுத்துவிட்டுக் களையை விட்டுவைத்த வயலைப் போல ஆகிறது அந்த நுரையீரல். சில வாரங்களில் களையே விளைச்சலாகிவிடுகிறது.

இதற்கு மாற்று வழியையும் அந்தக் கணக்கே காட்டிற்று. வேறு வகையில் தாக்கும் இரண்டாவது மருந்து ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டுக்கும் ஒருங்கே தப்பும் கிருமி இலட்சம் கோடியில் ஒன்றாகத்தான் இருக்கும். அத்தனை கிருமிகள் ஓர் உடலில் இரா. சுவீடன் நாட்டு அறிஞர் லேமன் கண்ட பி.ஏ.எஸ். என்னும் மருந்தை ஸ்ட்ரெப்டோமைசினோடு சேர்த்துக் கொடுத்தபோது, எதிர்ப்பாற்றல் கொண்ட கிருமிகள் தோன்றுவது மிகவும் குறைந்தது. 1952இல் ஐசோனியசிட் என்ற விலை மலிவான மாத்திரையும் வந்து சேர்ந்தது. காசநோய்க்கு ஒரு மருந்தைத் தனியே கொடுத்தலாகாது என்ற விதி அன்று பிறந்தது. அவ்விதி இன்றளவும் மாறவில்லை.

இந்தக் காலத்தில் ஆரோக்கியவரத்தின் நோக்கும் விரிந்தது. 1948இல் இந்நாட்டில் பி.சி.ஜி. தடுப்பூசி முதன்முதலாகத் தொடங்கப்பெற்ற இடங்களுள் மதனப்பள்ளியும் ஒன்று. முதல் தலைமை மருத்துவரின் மைந்தரான டாக்டர் யோஹன்னஸ் பிரிமோட்-மோலர், 1950 முதல் 1955 வரை மதனப்பள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களில் மக்கள் அனைவரையும் சோதித்து, கிராமத்தில் காசநோய் எவ்வாறு பரவுகிறது என்று ஆராய்ந்தார். கட்டிலுக்கு வந்த நோயாளியை மட்டும் பார்த்திருந்த மருத்துவம், கட்டிலுக்கு வராத நோயாளியைத் தேடி ஊர்ப்புறத்துக்குச் சென்றது. அக்காலத்தில் இது பெரிய மாறுதலாகும்.

அதற்கு அடுத்த மாறுதல் சென்னையில் நிகழ்ந்தது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடி அதை நிறுவின. டாக்டர் வாலஸ் பாக்ஸ் அப்பணிக்குத் தலைமை வகித்தார். அவர்கள் எழுப்பிய கேள்வி எளியது: நாட்டில் நோயாளிகளோ இலட்சக்கணக்கானவர், சானடோரியக் கட்டில்களோ மிகக் குறைவு, வீட்டிலேயே மருந்து கொடுத்தால் நோய் குணமாகுமா? சென்னை நகரத்து ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும், மற்றொரு பிரிவினரை அவரவர் குடிசையிலும் வைத்து, இருவர்க்கும் ஒரே மருந்துகளை ஓராண்டுக் காலம் கொடுத்தார்கள். 1959இல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர் குணமடைந்தனர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர் குணமடைந்தனர். வீட்டிலிருந்தவர்கள் நெருக்கடியான இடத்தில் வாழ்ந்தவர்கள். அவர்கள் உண்டதும் எளிய உணவே. அவர்களோடு வாழ்ந்தவர்க்கும் அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவில்லை.

உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவதற்கு இம்முடிவு பெரிதும் காரணமாயிற்று. ஆரோக்கியவரமும் காலப்போக்கில் எல்லா நோய்களுக்கும் சிகிச்சை அளிக்கும் பொது மருத்துவமனையாக மாறி இன்றும் பணியாற்றி வருகிறது. மதனப்பள்ளி 2022 முதல் சித்தூர் மாவட்டத்தில் இல்லை. ஆரோக்கியவரத்தின் பெயர் மட்டும் மாறவில்லை.

ஆயினும் சென்னை ஆராய்ச்சியாளர்கள் மற்றோர் உண்மையையும் மறைக்காமல் எழுதினார்கள். வீட்டில் இருப்பவர் மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறாரா என்பதே அந்தச் சிக்கல். அதை அறிவதற்காக முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். காய்ச்சல் விட்டு, உடல் தேறி, வேலைக்குப் போகத் தொடங்கியதும் மருந்தின் நினைவு மறைவது மனித இயல்பு என்று கண்டார்கள். மருந்தைப் பணியாளர் முன்னிலையில் உட்கொள்ளச் செய்யும் முறைக்கு வித்து சென்னையில்தான் ஊன்றப்பட்டது. உலக நாடுகள் பலவும் பின்னர் அதை மேற்கொண்டன.

இனி மருத்துவமனைகளின் கதைக்கு வருவோம். காசநோய்க் கிருமி மெல்லப் பெருகுவது. மருத்துவமனைகளில் வாழும் மற்றக் கிருமிகளோ இருபது முப்பது நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிப்பவை. ஆகையால் அங்கே மாறுதல் இன்னும் விரைந்து வந்தது. புண்களிற் சீழ் உண்டாக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் என்ற கிருமியை எடுத்துக்கொள்வோம். இலண்டன் மருத்துவமனை ஒன்றில் டாக்டர் மேரி பார்பர் அம்மையார் ஆண்டுதோறும் அதைச் சோதித்தார். 1946இல் பென்சிலினுக்கு அடங்காதவை நூற்றுக்கு 14. 1948இல் அத்தொகை ஏறத்தாழ 60. இரண்டே ஆண்டுகள்! பென்சிலினைக் கண்டறிந்த பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே, அளவு குறைத்துத் தவறாக உட்கொள்வதன் கேட்டைச் சுட்டிக்காட்டி எச்சரித்திருந்தார். பின்னர் மெதிசிலின் என்ற புது மருந்து 1959இல் வந்தது. 1961இல் அதற்கும் அடங்காத கிருமி தோன்றிவிட்டது.

அதனினும் வியப்பான செய்தி ஜப்பானிலிருந்து வந்தது. எதிர்ப்பாற்றலை ஒரு கிருமி தன் சந்ததிக்குக் கொடுப்பதோடு நில்லாமல், பக்கத்திலுள்ள வேறு இனக் கிருமிக்கும் கைமாற்றிக் கொடுக்கிறது என்று 1950களின் இறுதியில் கண்டார்கள். நம் நாட்டில் இதன் பயனைக் கோழிக்கோடு 1972இல் அறிந்தது. அதுவரை டைபாய்டு சுரத்திற்குக் கைகண்ட மருந்தாயிருந்த குளோராம்பெனிகால் அங்கே நோயாளிகளுக்குப் பயன்படாமற் போயிற்று.

2008இல் சுவீடனில் வாழ்ந்த இந்திய வம்சத்தவர் ஒருவர் புது டில்லியிற் சிகிச்சை பெற்றுத் திரும்பினார். அவர் உடலிற் காணப்பட்ட கிருமி, கடைசிப் புகலாகக் கருதப்படும் கார்பாபெனெம் வகை மருந்துகளையும் சிதைக்கும் ஒரு நொதியைப் பெற்றிருந்தது. அதற்கு என்.டி.எம்.-1 என்று பெயரிட்டார்கள். 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும் பிற நாட்டு அறிஞர்களும் வெளியிட்ட ஆராய்ச்சி, சென்னையில் கிடைத்த 44 கிருமி மாதிரிகளில் அந்நொதி இருந்ததைக் காட்டிற்று. அப்பெயரில் நம் தலைநகரின் பெயர் இருப்பது குறித்துப் பெரும் விவாதம் எழுந்தது. பெயர் பற்றிய மனத்தாங்கல் இயல்பே. ஆனால் கிருமி பெயரைப் பார்த்து வருவதில்லை. 2012இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் பல சென்னையிற் கூடி, ஆன்டிபயாடிக் மருந்துகளை முறைப்படுத்த வேண்டும் என்று சென்னைப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டன. 2014 மார்ச்சு முதல், முக்கியமான பல ஆன்டிபயாடிக் மருந்துகளை மருத்துவரின் சீட்டின்றி விற்றலாகாது என்றும், விற்றதைப் பதிவேட்டிற் குறிக்க வேண்டும் என்றும் தனி விதி வந்தது. 2017இல் தேசியச் செயல்திட்டம் வெளியாயிற்று. விதிகள் நல்லவை, அவை கடைத்தெரு வரையில் சென்று சேர்வதுதான் அரிது.

திருப்பதியை நினைத்துப் பாருங்கள். 1960இல் அங்கே ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி எழுந்தது. 1993இல் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ அறிவியற் கழகம் தன் பணியைத் தொடங்கியது. நாள்தோறும் பல்லாயிரம் யாத்திரிகர் வந்து கூடும் ஊர் அது. இன்று எந்தப் பெரிய மருத்துவமனையாயினும் அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும், மூச்சுக்கருவி இருக்கும், நரம்பிலும் சிறுநீர்ப் பையிலும் குழாய்கள் இருக்கும். உயிரைக் காக்கும் அந்தக் குழாய்களே கிருமி நுழையும் வாயில்களும் ஆகின்றன. இஃது ஏதோ ஓர் ஊருக்கோ ஒரு மருத்துவமனைக்கோ உரிய குறையன்று. உலகத்து மருத்துவமனைகள் அனைத்துக்கும் பொதுவான இடர். 2019ஆம் ஆண்டில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரே விளைந்த சாவுகள் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் என்று அறிஞர்கள் கணக்கிட்டனர். இதைத் தடுக்கும் வழிகளுள் தலையாயது, விலையில்லாதது, கைகழுவுதல். வியன்னா நகரில் 1847இல் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் அதை மெய்ப்பித்தார். மருத்துவரும் தாதியரும் மட்டுமன்று, நோயாளியைப் பார்க்கச் செல்லும் உறவினரும் கைகழுவியே கட்டிலை அணுக வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இவ்வரலாற்றில் தனியே ஒரு செய்தி உண்டு. உலகத்துக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். பம்பாயின் நெருங்கிய குடியிருப்புகளிலோ, சூரத்தின் நெசவாலைகளிலோ, டில்லியின் கட்டட வேலைகளிலோ இருப்பவர் ஒருவருக்கு நோய் கண்டு சிகிச்சை தொடங்குகிறது. இரண்டு மாதத்தில் இருமல் நிற்கிறது. பொங்கலுக்கோ திருமணத்துக்கோ ஊருக்குப் புறப்படுகிறார். மருந்து முடிகிறது, ஊரிலே யாரைக் கேட்பது என்று தெரியவில்லை, சிகிச்சை அறுந்துவிடுகிறது. அன்று இங்கிலாந்து நோயாளிகளின் நுரையீரலில் நடந்தது இவருடைய நுரையீரலிலும் நடக்கிறது. பிறகு வரும் நோய் ஐசோனியசிட்டுக்கும் ரிபாம்பிசினுக்கும் அடங்காத நோயாக இருக்கலாம். அவர் இருமும் காற்றில் பரவும் கிருமியும் அதே வகையினதுதான். மருந்தையே தொட்டறியாத அவருடைய குழந்தைக்கு முதல் நாளிலேயே அடங்காத நோய் வந்து சேரும்.

இதை நோயாளியின் குற்றம் என்று மட்டும் சொல்லுதல் நேர்மையாகாது. ஒற்றை மருந்தைக் கொடுத்த தொடக்ககால மருத்துவர்கள் அறியாமையாற் செய்தார்கள். மருந்துக் கையிருப்பு தீர்ந்துபோகும் நிலையங்களும் உண்டு. கூலியை இழக்க இயலாத ஏழைமையும் உண்டு. ஆயினும் நம் கையில் இருக்கும் செயல்கள் சில உள்ளன. அரசாங்கக் காசநோய்ச் சிகிச்சை நாடு முழுவதும் இலவசம். நோயாளியின் பதிவு எண் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான ஏட்டில் இருக்கிறது. ஊருக்குப் புறப்படுமுன் அந்த எண்ணையும் சிகிச்சை அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு, செல்லும் ஊருக்குச் சிகிச்சையை மாற்றித் தரும்படி நிலையத்திற் கேட்டால், அங்கே மருந்து தொடரும். மொழி தெரியாத இடத்திலும் அட்டை பேசும். சாதாரணச் சளிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை கேட்டு வாங்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும்; பெரும்பாலான சளிக்கு அம்மருந்து பயன்படாது. மருத்துவர் கொடுத்ததை அவர் சொன்ன நாள் வரையில் உட்கொள்ள வேண்டும். மீந்த மாத்திரையை அண்டை வீட்டாருக்குக் கொடுத்தல் தருமமாகாது.

ஆரோக்கியவரத்தின் பழைய வராந்தாக்களில் மாதக்கணக்கில் காற்றையும் பொறுமையையும் நம்பிப் படுத்திருந்தவர்களுக்கு மருந்து கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர்கள் கொண்டிருந்த பொறுமையில் ஒரு சிறு பங்கையாவது நாமும் கொண்டு, தொடங்கிய மருந்தை முடித்தோமானால், நம் பிள்ளைகளுக்கும் அம்மருந்து பயன்படும். அடுத்த முறை ரேணிகுண்டாவைக் கடக்கும்போது, மலையை நோக்கிக் கைகூப்பிய பின்னர், மேற்கே அந்த மேட்டுநிலத்தில் இருக்கும் சிற்றூரையும் ஒரு கணம் எண்ணிக்கொள்வோம்.